பழம் பாட்டும் சபையும்

சென்ற கோடையில் ஏற்காட்டுப் பக்கம் தலைச்சோலையில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். எழுதப் போன நாவல் நகரவில்லை. அது வேறு கதை. நடுவில் ஒரு நாள் சேலத்துக்கு இறங்கித் தேவாரக் கச்சேரி ஒன்று கேட்டேன்.

பாடியவருக்கு அருமையான சாரீரம். ஆனால் மேடை ஏறியதும் அவர் பாடவில்லை, பேசினார். ஏழாம் நூற்றாண்டு, தமிழனின் சொத்து, நாம் மறந்துவிட்டோம் என்று இருபது நிமிஷம். வாங்கிய கடனைத் திருப்பாதவர்கள் மாதிரி நாங்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். பிறகு, சபை அலுத்துவிட்டதோ என்ற பயம் அவருக்கு. பதிகத்தின் நடுவிலேயே கற்பனை ஸ்வரத்தை அவிழ்த்துவிட்டார். கை தட்டினார்கள். சம்பந்தர் சொன்ன சொல் எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை.

உபதேசமும் ஸ்வரமும் ஒரே வியாதியின் இரண்டு குறிகள் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டு தானாக நிற்கும் என்ற நம்பிக்கை பாடகருக்கே இல்லை.

அதற்காக, ஒன்றுமே சொல்லாமல் பாடு என்கிறேனா? இல்லை. இன்றைய ரசிகர் ராகம் அறிந்தவர், பண் அறியாதவர். 'மேகராகக்குறிஞ்சியை ஓதுவார்கள் நீலாம்பரியில் பாடி வருகிறார்கள். கௌசிகத்தைப் பைரவியில்' என்று ஒரு வாக்கியம் போதும், காது திறந்துகொள்ளும். அன்று இப்படியேதான் ஒலித்தது என்று சத்தியம் செய்ய வேண்டாம். சம்பந்தரோடு சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழே நம் கையில் இல்லையே!

அந்த யாழைப் பற்றி ஒரு கதை உண்டு. பதிகங்களின் புகழுக்குக் காரணம் தம்மவர் வாசிப்புத்தான் என்று பாணரின் உறவினர் பெருமை பேச, யாழுக்குள் அடங்காத பதிகம் ஒன்றைத் தருமபுரத்தில் சம்பந்தர் பாடினாராம். பாணர் யாழை உடைக்கப் போனாராம், சம்பந்தர் தடுத்தாராம். அதுதான் யாழ்மூரி, இன்று அடாணாவில் பாடுகிறார்கள். இதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் பாடட்டும். எந்த இடத்தில் யாழ் தோற்றிருக்கும் என்று சபை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்.

கூடமும் சின்னதாக இருந்தால் நல்லது. ஆர்னால்ட் டால்மெட்ச் பழைய வாத்தியங்களைத் தாமே செய்து, 1925-இல் இங்கிலாந்தில் பழைய இசைக்கு விழாத் தொடங்கியது லண்டனில் அல்ல, ஹேஸில்மியர் என்ற சிற்றூரில்.

மறுநாள் காலை சுகவனேசுவரர் கோயிலுக்குப் போனேன். ஓதுவார் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் ஆறேழு பேர். அதில் ஒரு கிழவி சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். தாளம் இல்லாமல், சொல் சொல்லாக, நீலாம்பரி. சுண்டல் பாதியில் நின்றது.

மத்தியானம் பஸ்ஸில் மலை ஏறினேன். இருபது கொண்டையூசி வளைவு. கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் டிக்கெட் வாங்கினேன்.