வெண்கலத்தில் ஒரு பறவையும் ஓர் எழுத்தும்

கவிதையைப் படிக்க இலக்கணப் பயிற்சி வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். இசையைத் துய்க்கச் செவிப் பயிற்சி வேண்டும் என்பதையும் மறுப்பதில்லை. சிற்பத்தைப் பார்ப்பதற்கு மட்டும் கண் இருந்தால் போதும் என எண்ணிவிடுகிறோம். முகமும் கையும் காலும் உள்ள சிற்பத்தின் முன் அந்த எண்ணம் ஓரளவு செல்லுபடியாகும். முகமற்ற, பெயர் சொல்ல இயலாத ஒரு வெண்கல வடிவத்தின் முன் நிற்கும்போதோ அது பொய்த்துப் போகிறது. ‘இது என்ன?’ என்று கேட்கிறோம். விடை கிடைக்காமல் நகர்ந்துவிடுகிறோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்து, சென்னையிலோ கும்பகோணத்திலோ உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிக்குச் செல்ல விரும்பும் ஒரு மாணவனையோ மாணவியையோ எண்ணிக்கொள்வோம். அருவச் சிற்பம் ஒன்றை ஆராய்ந்து எழுதுக என்று ஆசிரியர் பணித்தால், அப்பிள்ளை எங்கிருந்து தொடங்குவது? இன்று பெரும்பாலோர் தொடங்கும் இடம் ‘பொருள்’. ‘இச்சிற்பம் மனிதகுலத்தின் வேதனையைக் காட்டுகிறது’, ‘நவீன வாழ்வின் வெறுமையைச் சொல்கிறது’ என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். இத்தகைய வாக்கியங்களை எந்தச் சிற்பத்தின் அடியிலும் ஒட்டிவைக்கலாம். எல்லாச் சிற்பத்துக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தச் சிற்பத்தையும் பற்றியதன்று. பிறர் சொன்னதை ஒப்பிக்கும் பழக்கம் பாடநூலில் தொடங்கிக் கண்ணுக்கும் வந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

முதற்பாடம் வீட்டிலேயே கிடைக்கும். பரணில் பழைய கெண்டி ஒன்று கிடந்தால் இறக்கிப் பாருங்கள். வயிறு எவ்விடத்தில் அகல்கிறது, கழுத்து எவ்விடத்தில் ஒடுங்குகிறது, மூக்கு எந்த வளைவில் எழுகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். அது எந்த உயிரின் சாயலும் அன்று. ஆயினும் அதில் நிறைவு உண்டு, சமநிலை உண்டு. அந்த வளைவைச் சொற்களில் எழுதத் தெரிந்தவன் அருவச் சிற்பத்தின் பாதிப் பாடத்தைக் கற்றவனாவான்.

இரண்டாம் பாடம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. 1910ஆம் ஆண்டு சமஸ்தான காலத்தில் தொடங்கப்பெற்ற புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய செப்புப் படிமங்கள் உள்ளன. அவற்றை வழிபடுவோருக்கு அவை வேறு; கலை பயில வரும் மாணவனுக்கு அவை உலோகக் கலையின் இலக்கண நூல். மெழுகில் உருச்செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றும் முறை தமிழகத்தின் பழந்தொழில். சுவாமிமலையில் இன்றும் அத்தொழில் நடைபெறுகிறது. உலகெங்கும் நவீன சிற்பிகள் பலரும் இந்த முறையின் ஏதேனும் ஒரு வடிவத்தையே கையாளுகிறார்கள். முகத்தையும் அணிகளையும் ஒரு கணம் மறந்து, உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் ஒசிகிறது, இரு கைகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் என்ன வடிவம் கொள்கிறது என்று மட்டும் பார்த்தால், பழஞ்சிற்பத்துக்குள்ளேயே ஓர் அருவச் சிற்பம் இருப்பது புலனாகும்.

இப்பயிற்சியோடு பிரான்குசியின் ‘வெளியில் பறவை’க்கு வருவோம். ருமேனியாவில் 1876இல் பிறந்து பாரிசில் வாழ்ந்த அவர், இவ்வடிவத்தைப் பளிங்கிலும் வெண்கலத்திலும் பலமுறை செய்தார். அவற்றுள் ஒன்று 1926இல் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியது. சிறகில்லை, அலகில்லை, ஏறத்தாழ நாலரை அடி உயரத்தில் மெருகேற்றிய ஒரு வெண்கலத் தண்டு. இது கலைப்பொருளே அன்று என்று கூறிய சுங்க அதிகாரிகள், அதைச் சமையற் கருவி, மருத்துவமனைக் கருவி வகையில் சேர்த்து, நூற்றுக்கு நாற்பது வீதம் வரி விதித்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. திறமையான ஒரு தொழிலாளி இதைச் செய்துவிட முடியாதா என்ற வினா எழுந்தபோது, சிற்பி எப்ஸ்டைன், தொழிலாளியால் மெருகிட முடியும், கருத்தில் உருவாக்க முடியாது என்னும் பொருள்பட விடை அளித்தார். 1928 நவம்பரில் தீர்ப்பு சிற்பியின் பக்கம் வந்தது. பறவையோடு இதைத் தொடர்புபடுத்துவது கடினமாக இருக்கலாம். ஆயினும் இது அழகுடையது, கலைஞனின் சொந்தப் படைப்பு என நீதிமன்றம் ஏற்றது.

சுங்க அதிகாரிகள் கேட்டதும் நாம் கேட்கும் அதே ‘இது என்ன?’ தான். மாணவன் கேட்க வேண்டியது ‘இது என்ன செய்கிறது?’ என்பது. அடியில் மெலிந்து, நடுவில் மெல்லப் பருத்து, உச்சியில் சாய்வாக வெட்டுண்டு நிற்கிறது. அந்த மெலிந்த அடி கல்லில் எளிதில் முறியும், வெண்கலம் தாங்கும். ஆகவே மேலெழும் உணர்வுக்கு உலோகத்தின் வலிமையும் காரணம். மெருகேற்றிய மேனியில் சுற்றுப்புறத்தின் ஒளி ஓடுகிறது. பார்ப்பவன் நகர்ந்தால் ஒளியும் நகர்கிறது. அசையாத பொருளுக்கு அசைவு வந்துவிடுகிறது. இவ்வளவையும் கண்ட பின்னரே ‘பறத்தல்’ என்ற சொல்லை எழுதும் உரிமை நமக்கு உண்டாகிறது. இந்தூர் மன்னர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் இதே வடிவத்தை வெண்கலத்தில் ஒன்றும், கருநிற, வெண்ணிறப் பளிங்குகளில் ஒவ்வொன்றும் வாங்கினார். அவற்றுக்காகத் தியான மண்டபம் ஒன்றை அமைக்கும் எண்ணத்தில் 1937-38இல் பிரான்குசி இந்தியாவுக்கு வந்தார், மண்டபம் எழவில்லை. ஒரே வடிவம் பளிங்கில் அடங்கி ஒளிர்வதையும் வெண்கலத்தில் கண்ணாடியாய் மின்னுவதையும் ஒப்பிட்டு எழுதுவது மாணவனுக்கு மிகச் சிறந்த பயிற்சி.

இனி நம் சமுதாயத்துக்கு நெருங்கிய கேள்வி ஒன்று உண்டு. சிலை என்ற சொல்லைக் கேட்டதுமே நம் குடும்பங்கள் பல தயங்குகின்றன. உயிருள்ளவற்றின் உருவத்தைப் படைப்பது பற்றி உலமாப் பெருமக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்வது அவர்கள் பணி, நம் பணியன்று. இத்தயக்கத்துக்கு எளிய மருந்தாக, ‘அருவச் சிற்பத்தில்தான் உருவமே இல்லையே, நம் பிள்ளைகள் அதைப் பயிலட்டும்’ என்று சொல்வாரும் உளர். நல்ல எண்ணம்தான். ஆனால் விமரிசனமாக அது நிற்காது. ஈரானியச் சிற்பி பர்வீஸ் தனாவொலியின் ‘ஹீச்’ சிற்பங்களே இதற்குச் சான்று.

பாரசீகத்தில் ‘ஹீச்’ என்றால் ‘ஒன்றுமில்லை’. ஹே, யே, சே என்னும் மூன்று எழுத்துகளாலான அச்சொல்லையே, நஸ்தலீக் எழுத்தின் வளைவுகளோடு, 1965 முதல் வெண்கலத்திலும் பிற பொருள்களிலும் அவர் வடித்து வந்தார். அரபுத் தமிழ் ஏடுகளை ஓதிய நம் பாட்டிமார் அவ்வெழுத்துகளைக் கண்டவுடன் இனங்கண்டிருப்பார்கள். நம் ‘ச’வுக்கும் அந்தச் ‘சே’யையே அரபுத் தமிழில் எழுதினர். ஓர் எழுத்தில் உயிருருவம் ஏது? ஆயினும் உற்றுப் பாருங்கள். ‘ஹே’யின் இரு கண்ணறைகள் ஒரு தலையின் கண்களாகின்றன. ‘சே’யின் வளைவு ஓர் உடலாக மடங்குகிறது. 2005இல் செய்து, இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள வெண்கல ‘ஹீச்’ ஒரு கூண்டுக்குள் இருக்கிறது. ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லைக் கூண்டில் அடைப்பானேன்? அடைத்ததும் அந்த ஒன்றுமில்லாமைக்கு ஒரு சிறையாளியின் நிலை வந்துவிடுகிறதே! உருவத்தை வாசல் வழி அனுப்பினால் அது சன்னல் வழி வந்து நிற்கிறது. அருவம், உருவம் என்று கோடு கிழித்துத் தப்பித்துக்கொள்ள இயலாது. பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முஸ்லிம்களின் உலோகக் கலை வரலாறும் இத்தகைய எளிய கோட்டுக்கு அடங்குவதில்லை. 1828 வரை இத்தாலியின் பீசா பேராலயக் கூரையில் நின்ற வெண்கலக் கிரிஃபின், கழுகின் தலையும் சிங்கத்தின் உடலும் கொண்டது. அதன் மேனியைச் சுற்றிக் கூஃபி எழுத்தில் அரபு வாழ்த்து பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே உருவமும் எழுத்தும் ஒரே உலோகத்தில் கூடி நிற்கின்றன.

ஆகவே மாணவருக்கு நாம் சொல்லக்கூடிய முறை இது. முதலில் சிற்பத்தைச் சுற்றி வருக. ஒரு பக்கம் மட்டும் கண்டவன் ஓவியத்தைக் கண்டவனே. அது தரையை எங்கே தொடுகிறது, பாரம் எப்படி இறங்குகிறது, வெற்றிடம் எங்கே இருக்கிறது, மேனி மெருகா களிம்பா எனக் குறித்துக்கொள்க. பின்பு, வார்த்ததா, தகட்டை அடித்ததா, பற்றவைத்ததா என அறிக. நம் நாட்டில் ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்தும், சோழமண்டலத்து நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்தும் செய்த சிற்பங்கள் வார்ப்புச் சிற்பத்தினின்றும் வேறான மொழி பேசுவது அப்போது விளங்கும். அதன்பின் பெயரைப் படித்து, பெயரும் வடிவமும் ஒத்துப்போகின்றனவா, மோதுகின்றனவா எனக் கேட்க. பொருளும் மதிப்பீடும் இறுதியில் வரட்டும். கண்ட ஒன்றைச் சான்றாகக் காட்ட இயலாத எந்தப் பொருளையும் எழுத வேண்டாம். பிடிக்கவில்லை என்று முடிவு செய்யவும் மாணவனுக்கு உரிமை உண்டு. காரணம் மட்டும் சிற்பத்திலிருந்தே வர வேண்டும்.

விளம்பரமும் முழக்கமும் நாள்தோறும் நம் பிள்ளைகளுக்குப் பொருளை முதலில் கொடுத்துவிட்டுக் கண்ணைப் பின்னால் வரச் சொல்கின்றன. கண்டதைக் கண்டபடி சொல்லி, அதிலிருந்து முடிவுக்கு வரும் பழக்கம் சிற்பக் கூடத்துக்கு வெளியேயும் அவர்களைக் காக்கும். கலைக் கல்லூரிக்கு அனுப்புவதா இல்லையா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் மனச்சான்றின்படி முடிவு செய்யட்டும். பார்க்கப் பயிற்றுவதற்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடுமுறையில் பிள்ளைகளைத் திருக்கோகர்ணத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், பெயர்ப்பலகையைப் படித்துக் காட்டுவதற்கு முன், என்ன பார்த்தாய் என்று அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையுடன் செவிசாய்ப்பார்களாக.