டைனோசர் என்னும் பெயரின் பொருள் வரையறை: ஒரு மதிப்பீடு

1842இல் ரிச்சர்டு ஓவன் டைனோசர் தொகுதிக்குப் பெயரிட்டபோது, மெகலோசாரஸ், இகுவானோடான், ஹைலியோசாரஸ் ஆகியவற்றின் பொதுவான எலும்புப் பண்புகளையே அடிப்படையாகக் கொண்டார். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்விடத்தை மரபுவழி வரையறை பெற்றது. பறவைகளுக்கும் டிரைசெராடாப்சுக்கும் பொதுவான மிக அண்மை மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்துமே டைனோசர்கள் என்பது அவ்வகை வரையறைகளுள் பரவலாக வழங்கியது. பண்புகள் மாறினும் பொருள் மாறாது என்பதே இம்முறையின் வலிமையாகக் கூறப்பட்டது.

எனினும் வரையறை நிலையாக இருப்பதால் மட்டும் தொகுதியின் உறுப்பினர்கள் நிலைபெறுவதில்லை. 2017இல் பாரன், நார்மன், பாரெட் ஆகியோர் முன்வைத்த கிளைமரத்தில் டிப்ளோடோகஸ் முதலிய நெடுங்கழுத்து விலங்குகள் பறவை-டிரைசெராடாப்ஸ் கிளைக்கு வெளியே அமைந்தன. பழைய வரையறைப்படி அவை டைனோசர்கள் ஆகா. அவ்வாய்வாளர்கள் அவற்றை விலக்கவில்லை; டிப்ளோடோகசையும் சேர்த்து வரையறையையே திருத்தினர். 2020இல் கிளைவழிப் பெயரிடல் நெறி நடைமுறைக்கு வந்தபோது வெளியான வரையறையும் மெகலோசாரஸ், இகுவானோடான் ஆகியவற்றுடன் நெடுங்கழுத்து இனமான செட்டியோசாரசையும் சுட்டுகிறது.

ஆகவே, பெயரின் பொருளை வரையறை மட்டுமே தீர்மானிக்கிறது என்னும் கூற்று மிகையானது. வழக்கே வரையறையைத் திருத்துகிறது. எவ்வழக்கைக் காக்க எவ்வினங்கள் சுட்டப்பட்டன என்பதை வெளிப்படையாக்கி விவாதத்திற்கு உட்படுத்துவதே இம்முறையின் உண்மையான பயன் எனலாம்.