கடுகுச் செடியும் நெல்லிக்கனியும்: தமிழ்ப் பிரசங்கத்தில் திருஷ்டாந்தங்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிற ஒருவரை நிறுத்தி, போதகர் ஐயா இன்று எடுத்துக்கொண்ட வசனம் எது என்று கேட்டால் அவர் சற்றுத் தடுமாறக்கூடும். அவர் சொன்ன கதை எது என்று கேட்டாலோ, சொன்னவரின் கையசைவு உட்பட ஆதியோடந்தமாகச் சொல்லிவிடுவார். புரொட்டஸ்டன்ட் சபைகளில் திருஷ்டாந்தம் என்றும், கத்தோலிக்கரிடையே மறையுரைக் கதை என்றும் வழங்கும் இச்சிறு சம்பவங்களும், அவற்றோடு கோக்கப்படும் மேற்கோள்களும் தமிழில் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உடையவை. அச்சரித்திரத்தைத் தருமபுரியிலிருந்து நோக்குவதில் ஒரு சௌகரியம் உண்டு. ராகியும் மாவும் புளியும் விளையும் இம்மேட்டு நிலத்துச் சிற்றாலயங்களில் எந்த உவமை வேர்பிடிக்கிறது, எது காற்றில் போகிறது என்பது கேட்போர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

இக்கலைக்கு வேதாகமத்திலேயே இரண்டு மூலங்கள் உள்ளன. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைத் தாவீது அரசனிடம் சொன்ன நாத்தான், கேட்டவனையே நீதிபதியாக்கி, அவன் வழங்கிய தீர்ப்பை அவன் தலையிலேயே இறக்கினான். ஏதென்ஸில் பேசிய பவுல் அடியார் அந்நகரத்தார் அறிந்த கிரேக்கப் புலவனொருவனின் வாக்கை எடுத்தாண்டு, அவர்களுடைய புலவனையே தமக்குச் சாட்சியாக நிறுத்தினார். கதை மனச்சாட்சியைத் தொடுகிறது. மேற்கோள் கேட்போனுக்கு ஏற்கெனவே உள்ள மரியாதையைத் துணைக்கு அழைக்கிறது. பின்வந்த பிரசங்கியார் அனைவரும் இவ்விரு வழிகளிலேயே நடந்தனர்.

தமிழில் அச்சேறிய கிறிஸ்தவ நூல்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்றே ஒரு கதைத் திரட்டு என்பது சிந்திக்கத் தக்கது. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் முத்துக்குளித்துறை மக்களுக்காக 1586-இல் வெளியிட்ட ‘அடியார் வரலாறு’, புனிதர் சரிதங்களைத் தமிழில் தொகுத்துத் தந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். உபதேசிக்க வந்தவர் முதலில் இந்நாட்டு உபதேசத்துக்குச் செவிசாய்த்தார். மிஷனரி பீட்டர் பெர்சிவல் 1842-இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட பழமொழித் திரட்டு, 1874-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளாக வளர்ந்தது. டேனிஷ் மிஷனைச் சார்ந்த ஹெர்மன் ஜென்சன் 1897-இல் பழமொழிகளைப் பொருள்வாரியாக வகுத்து வெளியிட்டார். வயல்வரப்பிலும் அடுக்களையிலும் வழங்கிய வாக்குகள் இவ்விதம் பிரசங்க பீடத்தின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன.

மற்றொரு கிளை மேனாட்டிலிருந்து வந்தது. சாமான்ய மெழுகுவர்த்திகளை ஏற்றிக் காட்டியே ஒரு சொற்பொழிவை நடத்திய ஆங்கிலப் பிரசங்கியார் ஸ்பர்ஜன், அமெரிக்க நற்செய்தியாளர் மூடி ஆகியோரின் கதைகள் நம் போதகர்களின் குறிப்பேடுகளில் குடியேறின. இவற்றோடு கலங்கரை விளக்கமும் கப்பற்சேதமும் கடலே இல்லாத தருமபுரிக்கு வந்தன. கூடவே ஒரு வியாதியும் வந்தது. ஒரே வாக்கியத்தை ஒரு வாரம் நெப்போலியன் பெயராலும், மறு மாதம் லிங்கன் பெயராலும் நான் கேட்டதுண்டு. சத்தியத்தை நிலைநாட்டப் புறப்பட்டவர் சான்றை விசாரியாமல் விடுவது, கள்ளப் படிக்கல்லால் நிறுப்பதற்குச் சமானம்.

ஆயினும் தூரத்துக் கதை என்பதற்காக மட்டும் எதையும் தள்ளிவிட இயலாது. சாது சுந்தர்சிங் சொன்ன பனிமலைக் கதையைப் பாருங்கள்: பனியில் விழுந்து கிடந்தவனைச் சுமக்க மறுத்து முன்னே சென்ற வழித்துணைவன் குளிரில் மாண்டான், சுமந்தவரும் சுமக்கப்பட்டவரும் ஒருவர் உடற்சூட்டால் மற்றவர் பிழைத்தனர். பென்னாகரத்து மலையூர்க்காரர் பனியைக் கண்டதில்லை. ஆனால் சாலையற்ற சரிவில் நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்கும் பாரத்தை அறிவர். கதையில் பனி அந்நியம், பாரம் சொந்தம். அச்சொந்தமே கதையை இங்கே வாழவைக்கிறது.

அருகிலுள்ள செல்வத்துக்கு அதியமானின் நெல்லிக்கனியே சாட்சி. தகடூர் என்று பண்டு பெயர்பெற்ற இம்மண்ணின் தலைவன், நெடுவாழ்வு தரும் கனியை அதன் பயனைக் கூறாமலே ஔவைக்கு ஈந்த செய்தியைப் புறநானூற்றின் 91-ஆம் பாட்டு உரைக்கிறது. தன்னை வெறுமையாக்கும் ஈகைக்கு இதனினும் பொருத்தமான திருஷ்டாந்தம் அரிது. ஆனால் அதியமான் ஈந்தது தகுதி மிக்க புலவருக்கு; ரோமருக்கு எழுதிய நிருபமோ தகுதியற்றோருக்காக ஈயப்பட்ட உயிரைப் பேசுகிறது. உபமானம் எங்கே நின்றுவிடுகிறது என்று காட்டுவதும் பிரசங்கியாரின் கடமையே. அவ்வெல்லையைத் தாண்டி இழுத்தால் கனியும் கசங்கும், வசனமும் கசங்கும்.

பழமொழியிலும் இதே அபாயம் உண்டு. கடுகு விதை உவமையைப் பேசும்போது, ‘கடுகு சிறுத்தாலும் காரம் போகாது’ என்பது நாவில் தானே வந்து நிற்கும். ஆனால் பழமொழி காரத்தைப் பேசுகிறது. சுவிசேஷம் வளர்ச்சியைப் பேசுகிறது. தாளிக்கும் கடுகை மட்டும் அறிந்த பட்டணத்தாருக்கு இவ்வேறுபாடு புலப்படாமற் போகலாம். பென்னாகரம் சாலையோரச் சிற்றாலயமொன்றில், ஓர் உபதேசியார் பழமொழியை விடுத்து, அஞ்சறைப்பெட்டிக் கடுகு ஒரு சிட்டிகையையும், ராகிக் காட்டு ஊடுபயிரிலிருந்து வேரோடு பிடுங்கிய கடுகுச் செடியொன்றையும் பீடத்தில் வைத்தார். இரண்டையும் மாறிமாறிக் காட்டிவிட்டு, அதிகம் பேசாமல் அமர்ந்துகொண்டார். ஆராதனை முடிந்து வீடு திரும்பிய பாட்டி ஒருவர், ராகிக் கதிர்களுக்கு மேலே மஞ்சள் பூத்து நின்ற செடிகளருகே வரப்பில் நின்று, ஒன்றின் உயரத்தைத் தம் தோளோடு வைத்து அளந்து பார்த்தார்.