சத்தம் போடாத டேப்பட்

ராபர்ட் பிர்சிக் என்ற அமெரிக்கர் 1968ஆம் ஆண்டு தம் மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மின்னசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை மோட்டார் சைக்கிளில் சென்றார். அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதிய ‘ஜென்னும் மோட்டார் சைக்கிளைப் பேணும் கலையும்’ என்ற நூல் 1974இல் வெளிவந்தது. தத்துவ நூல் என்றே அது பெயர் பெற்றுவிட்டது. வாசகர்களே, நாம் இங்கு ஆராயப் போவது அந்தத் தத்துவத்தை அன்று. மோண்டானா மாநிலத்து மைல்ஸ் சிட்டியில், ஒரு விடுதியின் பின்புற நிழலில், அவர் தம் வண்டியின் டேப்பட்டைச் சரிசெய்யும் சில பக்கங்களை மட்டுமே.

டேப்பட் இடைவெளி என்பது என்ன? கேம் சுழலும்போது ராக்கர் என்னும் நெம்புகோல் வால்வின் தண்டை அழுத்தித் திறக்கிறது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் ராக்கருக்கும் தண்டின் நுனிக்கும் நடுவே ஒரு சிறு சந்து இருக்க வேண்டும். பிர்சிக் ஓட்டிய ஹோண்டா சூப்பர் ஹாக் போன்ற சிறிய எஞ்சின்களில் அது 0.1 மி.மீ. அளவுதான், ஏறக்குறைய ஒரு தாளின் கனம். அந்தக் கனமுள்ள ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி, அது லேசான பிடிப்புடன் நகரும்வரை திருகைத் திருப்பி, நட்டைப் பூட்டுவார்கள்.

எண்ணெய்க் கையோடு செய்யும் இந்த வேலையும் சிந்தனையே என்று பிர்சிக் காட்டுகிறார். மெக்கானிக்கின் அறிவை இவ்வளவு மதித்து எழுதும் நூல்கள் மிகக் குறைவு. நம் மாணவர்கள் இதற்காகவே இப்பக்கங்களைப் படிக்கலாம்.

ஆனால் ஒரு குறை. துல்லியம் எதற்கு என்று விளக்க அவர் எடுத்துக்கொள்வது கனெக்டிங் ராடை. அது ஆயிரத்தில் சில அங்குலம் தளர்ந்தாலும் வெடிப்பின் விசை சம்மட்டி அடியாக விழும். அந்த ஓசை முதலில் டேப்பட் ஓசை போலவே கேட்கும் என்கிறார். முற்றிலும் சரி. ஆயினும் படிப்பவர் மனத்தில் என்ன தங்குகிறது? தளர்ச்சியே பகை, அதைக் காது காட்டிக்கொடுக்கும் என்பதுதான். வால்வைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இடைவெளியை அளக்க வேண்டும் என்ற விதியையும் சொல்கிறார். அதன் பின்னுள்ள இயற்பியலில் அவர் தங்குவதில்லை.

நாம் சற்றுத் தங்குவோம். 80 மி.மீ. நீளமுள்ள எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று சராசரியாக 400 டிகிரி செல்சியஸ் சூடேறுவதாகக் கொள்வோம். எஃகின் நீள்விரிவுக் குணகம் ஏறத்தாழ 0.000012. பெருக்கிப் பாருங்கள்: வால்வு 0.38 மி.மீ. நீள்கிறது! 0.1 மி.மீ. சந்து எப்படிப் போதும் என்று நீங்கள் கேட்பது நியாயமே. வால்வு மட்டுமா நீள்கிறது? ராக்கரைத் தாங்கும் அலுமினிய ஹெட்டும் விரிகிறது. அதன் குணகம் 0.000023. அது 150 டிகிரி சூடேறினால் அதே 80 மி.மீ. நீளத்தில் 0.28 மி.மீ. உயர்ந்து ராக்கரையும் தூக்கிவிடுகிறது. மிஞ்சுவது 0.1 மி.மீ. இவை கணக்குக்காக எடுத்த எண்கள்தாம். ஆனால் டேப்பட் இடைவெளி என்பது இரண்டு பெரிய விரிவுகளின் வேறுபாடு என்பது இதனால் விளங்கும். அரைகுறைச் சூட்டில் அளந்தால் இவ்விரண்டில் எது எவ்வளவு விரிந்திருக்கிறது என்று யார் சொல்வது? நம் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டில் குளிர்ந்த நிலையில் இடைவெளியே வைப்பதில்லை. புஷ் ராட் விரலுக்குச் சுழன்றால் போதும், மேலும் கீழும் ஆடக்கூடாது. சிலிண்டர் சூடாகி உயரும்போது சந்து தானே பிறக்கிறது.

இடைவெளி கூடினால் டேப்பட் தட்டும். வால்வு சற்றுக் குறைவாகத் திறக்கும். குறைந்தால் சத்தமே இராது. அங்கேதான் அபாயம். எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட்டைத் தொட்டுத்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. சந்து இல்லாவிட்டால் சூடேறிய வால்வு சீட்டில் முழுமையாக அமராது. வெப்பம் போக வழியில்லை. போதாததற்கு எரியும் வாயு அந்தக் கீற்று வழியே பீறிடும். விளிம்பு கருகி, அழுத்தம் போய், வண்டி நிற்கும். முன்னறிவிப்பாக ஒரு தட்டல்கூடக் கேட்டிராது. சீட்டு தேயத் தேய வால்வு உள்ளே ஏறி இடைவெளி சுருங்குவதால், நாளடைவில் எஞ்சின் அமைதியாகிக்கொண்டே வருவதும் சந்தேகத்துக்குரியதே. இந்த ஒரு பத்தி பிர்சிக்கின் அத்தியாயத்தில் இருந்திருக்கலாம். அவர் பேச்சுக்கும் அது வலுச் சேர்த்திருக்கும்.

பழைய எஞ்சினைப் பிரித்து மீட்டெடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வால்வை அரைத்துச் சீட்டில் அமர்த்தியதும் தண்டு மேலே ஏறுவதால் சந்து குறையும். ஓட ஓட இன்னும் சற்றுக் குறையும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின், ஓர் இரவு முழுதும் ஆறவிட்டு, இரண்டு வால்வுகளும் மூடி பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மறுபடியும் தகட்டைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.