எந்த வருஷம், எந்த மாசம்?

ஓசூர் பக்கம் சானமாவைச் சுற்றி லேத்தும் மில்லிங்குமாகப் பிழைக்கிறவர்களிடம் ஒரு பாகம் செய்யக் கொடுத்தால், "டிராயிங் எத்தனாவது ரிவிஷன்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ரிவிஷன் மாறினால் துளையின் அளவு மாறிவிடும். இரண்டாம் உலகப் போர் விமான சிமுலேட்டர்களை ரசிக்கவும் எனக்கு இந்தக் கேள்விதான் உதவுகிறது.

ரஷ்யர்கள் செய்த ஐஎல்-2 ஸ்டர்மோவிக் வரிசையில் ஸ்டாலின்கிராட் தொகுப்பு 2014-இல் முழுமையாக வந்தது. அதில் வெறும் 'யாக்-1' கிடையாது. யாக்-1, 69-ஆவது தொடர். லாக்-3 என்றால் 29-ஆவது தொடர். சோவியத் ஆலைகள் போருக்கு நடுவிலேயே பேட்ச் பேட்சாக இன்ஜினையும் எடையையும் துப்பாக்கியையும் மாற்றிக்கொண்டிருந்தன. எந்த பேட்ச் விமானம் என்று சொல்லாமல் அதன் வேகத்தைச் சொல்வதில் அர்த்தமில்லை. இந்த சிமுலேட்டரைச் செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. விமானத்தின் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு மரியாதை வந்துவிட்டது.

எண்ணை எழுதுவது சுலபம், நடத்தையில் கொண்டுவருவதுதான் வித்தை. 2011-இல் வந்த கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் சிமுலேட்டரில் ஆரம்பகால ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொண்டு மேலே போய், ஸ்டிக்கைச் சட்டென்று முன்னால் தள்ளிப் பாருங்கள். மெர்லின் இன்ஜின் இருமும், பிறகு கறுப்புப் புகை கக்கும். மிதவை வைத்த கார்புரேட்டரில் பெட்ரோல் மேல்பக்கம் ஏறிவிடுவதால் வருகிற கோளாறு அது. எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் எரிபொருள் இன்ஜினுக்குள் நேரடியாகப் பீய்ச்சப்படுவதால் அது பாட்டுக்கு மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நழுவிவிடும். துரத்துகிற ஆங்கிலேயன் முதலில் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிவிட்டுத்தான் கீழே இறங்கவேண்டும். 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் எரிபொருள் வழியில் சிறு துளையிட்ட தகடு ஒன்றைப் பொருத்தி இதைப் பெருமளவு சரிக்கட்டினார். ஆகவே 1940 ஆகஸ்டில் பறக்கிற ஸ்பிட்ஃபயர் இருமியே ஆகவேண்டும். இருமாவிட்டால் அது அழகான பொம்மை.

விமானத்துக்காவது ஆலை வரைபடமும் கையேடும் மிச்சமிருக்கின்றன, மியூசியத்தில் போய்த் தொட்டுப் பார்க்கவும் முடியும். நிலத்துக்கு அந்த வசதி இல்லை. டிசிஎஸ் என்ற சிமுலேட்டரில் பி-51 மஸ்டாங் 2012-இல் வந்தது, நார்மண்டி நிலப்பரப்பு வந்ததோ 2017-இல். நடுவில் அந்த மஸ்டாங் இன்றைய ஜார்ஜியாவின் விமான நிலையங்களுக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. நார்மண்டி வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. கையில் இருந்த ஜெர்மன் விமானங்கள் ஃபோக்கெ-வுல்ஃப் 190 டி-9-உம் மெஸ்ஸர்ஷ்மிட் 109 கே-4-உம். இரண்டுமே 1944 கோடைக்குப் பிறகு படையில் சேர்ந்தவை. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் கரையிறங்கியதோ அந்த ஜூனிலேயே. ஃபோக்கெ-வுல்ஃபின் ஏ-8 ரகம் வந்த பின்புதான் அந்த வானம் ஓரளவு நம்பும்படி ஆனது. சில மாத வித்தியாசத்துக்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊரில் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கே பாகம் ரிஜெக்ட் ஆகும்.

2020 மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் செயற்கைக்கோள் படத்தை வைத்து உலகம் முழுவதையும் கொடுத்துவிட்டது. அதில் சானமாவுக் காட்டின் மேல் பழைய விமானம் ஓட்டலாம், பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் கீழே தெரிவது இன்றைய பூமி. 1942 வேண்டுமென்றால் எதையெல்லாம் அழிக்கவேண்டும்? சிப்காட் கொட்டகைகள், கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, நாலுவழிச் சாலை எல்லாம் போகும். சந்திரசூடேஸ்வரர் மலையும் கிருஷ்ணகிரிக் கோட்டைக் குன்றும் மத்திகிரிப் பண்ணையும் இருக்கும். இன்றைய ரயில் பாதை இருக்காது. தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு வந்துகொண்டிருந்த நேரோகேஜ் லைன் போர் நடக்கும்போதே மூடப்பட்டது. 1939 வரைபடத்தில் அது உயிரோடு இருக்கவேண்டும், 1944-இல் இருந்தால் தப்பு.

இது வீண் கற்பனையும் அல்ல. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பெங்களூர் ஆலை இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கர்ட்டிஸ் ஹாக் போர் விமானங்களை அங்கே பூட்டினார்கள். 1943-இல் அமெரிக்க விமானப் படை அதைத் தன் பழுதுபார்க்கும் பணிமனையாக்கிக்கொண்டது.

ஆனாலும் நம் பக்கத்தில் யாராவது ஒரே ஒரு நிலப்பரப்பு செய்வதானால் கொழும்பைத்தான் சொல்வேன், 1942 ஏப்ரல் 5 தேதியிட்டு. ஈஸ்டர் ஞாயிறு. ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து விமானங்கள் வந்தன. இரத்மலானை விமானத் தளத்தில் பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானங்கள் இன்னும் தரையில் இருந்தபோதே தாக்குதல் தொடங்கிவிட்டது. நகருக்குள் குதிரைப் பந்தய மைதானத்தில் அமைத்திருந்த இன்னொரு ஓடுபாதையிலிருந்து 258-ஆவது ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள் கிளம்பின. அப்படி ஓர் ஓடுபாதை இருப்பது ஜப்பானியர்களுக்குத் தெரியாது. அதனால் அந்த நிலத்தை வரைகிறவர் ஓடுபாதையை அடி பிசகாமல் போடவேண்டும். ஜப்பானிய ஜீரோ விமானத்தின் விமானியாக உட்காருபவரின் முழங்கால் மேல் விரிகிற வரைபடத்தில் மட்டும் அந்த இடத்தில் வெறும் பந்தய மைதானம் இருக்கவேண்டும்.