தொக்கம் எடுத்தால் இளைப்பு தீருமா?

கைக்குழந்தை பாலைக் கக்கி, இருமி, இளைத்தால் தொக்கம் எடுக்கத் தூக்கிச் செல்லும் வழக்கம் காரியாபட்டிப் பக்கம் இன்றும் உண்டு. வயிற்றில் வாய்வைத்து உறிஞ்சி, உள்ளே சிக்கிய உணவென்று ஒரு துணுக்கைக் காட்டுவார்கள். இயற்பியல் இதை ஏற்காது. உறிஞ்சினால் தோலின் வெளியே காற்றழுத்தம் சற்றுக் குறையும், அவ்வளவே. தோலைத் துளைத்து உணவு வராது.

உண்மையில், உணவுக்குழாயின் அடியிலுள்ள சுருக்குத்தசை இளம் பருவத்தில் அடிக்கடி தளர்வதால் அமிலம் கலந்த பால் மேலேறுகிறது. பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் இது தானே நின்றுவிடும். அந்தப் புகழைத் தொக்கம் தட்டிக்கொள்கிறது.

ஆனால் இளைப்புக்குக் காரணம் நிமோனியாவாக இருந்தால், வீணாகும் நேரம் உயிரைப் பறிக்கும். 2 முதல் 12 மாதக் குழந்தை, அமைதியாக இருக்கையில் நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டாலும், நெஞ்சின் அடிப்பகுதி உள்வாங்கினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எண்ணிப் பார்க்க ஒரு கைக்கடிகாரம் போதும்.