பிரயோகிக்கப்படாத மந்திரங்களும் வேலையற்ற வியாதிகளும்

2002-ஆம் ஆண்டில் பெதெஸ்டா நிறுவனத்தார் ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையின் மூன்றாம் விளையாட்டாகிய மாரோவிண்டை வெளியிட்டபோது, விண்டோஸ் கணினிக்கான பெட்டியில் விளையாட்டுத் தட்டோடு இரண்டாவது தட்டு ஒன்றையும் சேர்த்து வைத்து, வார்டன்ஃபெல் என்னும் அந்தக் கற்பனைத் தீவைச் சிருஷ்டிப்பதற்குத் தாங்கள் கையாண்ட கருவியையே விலைக்கு வாங்கினவர் கையில் ஒப்படைத்தார்கள். அந்தக் கருவியின் பெயர் கன்ஸ்ட்ரக்ஷன் செட். புதிய வீடு கட்டவும், புதிய வாள் வார்க்கவும், புதிய மனிதனைப் படைத்து அவன் வாயில் வார்த்தை வைக்கவும் இதைக் கொண்டு இயலும் என்பது அன்று முதலே பலரும் எழுதிய விஷயம். நான் இங்கே பரிசீலிக்கப் போவது வேறொரு பிரயோஜனத்தை. விளையாட்டில் சேர்க்கப்பட்டும் விளையாடுகிறவன் கண்ணில் படாமலே போன மந்திரங்களையும், இருந்தும் வேலையற்றுப் போன வியாதிகளையும் தேடிப் பார்க்க இந்தக் கருவி எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதே என் விசாரணை.

முதல் தரிசனம் அவ்வளவு ரம்மியமானதல்ல. சாம்பல் நிறச் சன்னல்கள் நாலைந்து ஒன்றன்மேல் ஒன்றாக விரிகின்றன. மூலக் கோப்பைத் தேர்ந்து ஏற்றச் சொன்னவுடன், அதிலும் ட்ரைப்யூனல், பிளட்மூன் என்னும் பிற்சேர்க்கைகளையும் உடன் ஏற்றினால், எச்சரிக்கைப் பெட்டிகள் வரிசையாக வந்து வழிமறிக்கின்றன. விளையாட்டை உண்டாக்கியவர்களே திருத்தாமல் விட்ட பிழைகளுக்கு நாம் ஒவ்வொன்றாகச் சம்மதம் தெரிவித்த பின்னரே உள்ளே போக முடிகிறது. போன பிறகு, பொருள்களின் பட்டியல் சன்னலில் ஆயுதம், கவசம், புத்தகம், கதவு, பிராணி என்று தாவல்கள் நிரம்பிக் கிடக்கின்றன. அவற்றுள் ‘ஸ்பெல்மேக்கிங்’ என்னும் தாவலைத் திறந்தவனுக்கு ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. மந்திரங்களும் வியாதிகளும் அங்கே ஒரே பட்டியலில், அகர வரிசையில், பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன.

தீப்பந்து எறியும் மந்திரத்துக்கு என்ன படிவமோ அதே படிவந்தான் சதுப்பு நிலக் காய்ச்சலுக்கும். பெயர், வகை, செலவு, எட்டு வரை விளைவுகளைக் குறிக்க இடம் என்று அதே கட்டங்கள். ஒருவனும் தன் வாயால் உச்சரிக்கப் போகாத காய்ச்சலுக்குக்கூட, உச்சரிப்பதற்கு எவ்வளவு சக்தி செலவாகும் என்று எழுதுவதற்கான கட்டம் ஒன்று காலியாக நிற்கிறது. ‘வகை’ என்ற இடத்தில் சுட்டியை அழுத்தினால் ஆறு பெயர்கள் தொங்குகின்றன: மந்திரம், இயல்பாற்றல், பிளைட், வியாதி, சாபம், விசேஷ சக்தி. இந்த ஆறில் ஐந்தை விளையாடுகிற எவனும் அறிவான். சாபத்தை மட்டும் அவன் எங்கும் சந்தித்ததாக நினைவுகூர மாட்டான். அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் வியாதிகளைக் கவனித்துவிடுவது முறை.

மாரோவிண்டின் வைத்திய சாஸ்திரம் மூன்று படிகள் உடையது. ஹெல்ஜாயிண்ட், விட்பேன், ரஸ்ட் சான்கர், ஸ்வாம்ப் ஃபீவர் முதலான சாதாரண வியாதிகள் முதற்படி. சிவப்பு மலையிலிருந்து வீசும் சாம்பற்புயலோடு சம்பந்தப்பட்ட பிளைட் வியாதிகள் நான்கும் இரண்டாம் படி. மூன்றாவது படியில் தனியாக நிற்பது, மலைக்குள் இருக்கும் ‘டாகோத் ஊர்’ என்னும் பகைவனின் கொடையாகிய கோர்ப்ரஸ். ஒவ்வொரு படிக்கும் தீர்க்கும் விளைவு ஒன்று, தடுக்கும் விளைவு ஒன்று, எளிதில் பற்றச் செய்யும் பலவீன விளைவு ஒன்று என்று, ஆக ஒன்பது விளைவுகளைச் சதுரங்கக் கட்டம்போல் ஒழுங்காக அமைத்திருக்கிறார்கள். நோயுற்ற பிராணி நம்மை அடிக்கும்போது மட்டுமல்ல, அதைக் கொன்ற பின் அதன் சடலத்தைச் சோதிக்கும்போதுங்கூட நோய் தொற்றலாம் என்று விதித்திருப்பது, திட்டம் போட்டவர்கள் எவ்வளவு தீவிரமாக யோசித்தார்கள் என்பதற்கு அத்தாட்சி. ஊராருங்கூட நோயாளியைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். உரையாடல்களுக்கு நிபந்தனை விதிக்கும் பட்டியலில் ‘சாதாரண வியாதி’, ‘பிளைட்’, ‘கோர்ப்ரஸ்’, ‘இரத்தக் காட்டேரி’ என்று தனித்தனியே வகுத்து, அவரவர் நிலைமைக்குத் தக்க வரவேற்பை எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, பரிகாரத்தை மட்டும் மிகவும் மலிவாக வைத்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். ரசவாதியின் கடையில் ஒரு குப்பி, கோயிலில் ஒரு சிறு காணிக்கை, இல்லாவிட்டால் ஆரம்ப நிலை மந்திரவாதியும் கற்கக்கூடிய ஒரு மந்திரம். இவற்றுள் ஏதேனும் ஒன்றால் ஹெல்ஜாயிண்ட் அகன்றுவிடுகிறது. அகற்றாமல் அலட்சியமாக விட்டாலும் அது முற்றுவதில்லை. பிடித்த அன்று உடலின் குணங்களை எவ்வளவு குறைத்ததோ அதற்குமேல் ஒரு புள்ளியும் குறைக்காமல் பல நாள் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளிஃப் ரேசர் என்னும் பறக்கும் பிராணிகளின் உபத்திரவத்தால் இந்த நோயைத் தீவில் எல்லாரும் ஒருமுறையேனும் வாங்கியிருப்பார்கள். வாங்கியதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் சந்தேகம். விளையாட்டில் இருப்பதும் இல்லாததும் ஒன்றாகிவிட்ட இவற்றையும் ‘பயன்படாதவை’ என்ற கணக்கில்தான் நான் சேர்ப்பேன்.

இதற்கு மகத்தான விதிவிலக்கு கோர்ப்ரஸ். கதையின் பிரதான மார்க்கத்தில் செல்லும் நாயகன், இலூனிபி குகையில் டாகோத் கேர்ஸ் என்பவனைக் கொன்ற மாத்திரத்தில் தானே இந்நோய்க்கு ஆளாகிறான். நாள் கடக்கக் கடக்க உடல் வலிமையும் தாங்கும் சக்தியும் பெருகுகின்றன. புத்தி முதலான குணங்களோ தேய்கின்றன. குப்பி மருந்து, மூலிகை, கோயில் காணிக்கை ஒன்றும் செல்லாது. டெல் ஃபிர் கோபுரத்தில், தன் கட்டடத்தின் அடியிலேயே கோர்ப்ரஸ் நோயாளிகளுக்குப் புகலிடம் வைத்திருக்கும் டிவேத் ஃபிர் என்னும் மகாமந்திரவாதியைத் தேடிப் போனால், அவர் தரும் மருந்து தீமையை மாத்திரம் நீக்கி, நன்மையை உடம்பிலேயே நிறுத்திவிடுகிறது; அதற்குப்பின் வேறெந்த வியாதியும் நாயகனை அணுகுவதில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் வைத்தியரிடம் போவதை வேண்டுமென்றே தள்ளிப்போட்டு வலிமையைச் சேர்த்துக்கொள்ளும் யுக்தி பிரசித்தமானது. தெரிந்தே நோயை வளர்க்கத் தூண்டும் ஒரு நோயை யோசித்தவர்கள், மற்ற வியாதிகளை இப்படி மலடாக விட்டுவிட்டார்களே என்ற வருத்தம் கருவிக்குள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் வலுக்கிறது.

இனி சாபத்துக்கு வருவோம். ‘கேம்ப்ளே’ என்னும் பட்டியலின் கீழ் ‘மேஜிக் எஃபெக்ட்ஸ்’ என்றொரு சன்னல் உண்டு. அதில் விளைவுகள் ஒவ்வொன்றுக்கும் எந்த வித்தைப் பிரிவைச் சேர்ந்தது, அடிப்படைச் செலவு என்ன, எந்த வர்ணத்தில் ஒளிர வேண்டும், ஆட்டக்காரன் இதைத் தன் சொந்த மந்திரத்தில் சேர்க்கலாமா, ஆபரணத்தில் ஏற்றலாமா என்பதெல்லாம் பதிந்திருக்கின்றன. அங்கேதான் ‘ரிமூவ் கர்ஸ்’, அதாவது சாப நிவர்த்தி, என்ற விளைவு இருக்கிறது. எந்தக் குருவும் அதைக் கற்பிப்பதில்லை. எந்தக் குப்பியிலும் அது அடைபட்டிருப்பதில்லை. இயந்திரத்தின் உள்வரிசையில் அதன் ஸ்தானம் நூறு. வியாதித் தடுப்பு, விஷத் தடுப்பு, ஸ்தம்பனத் தடுப்பு என்னும் வரிசை முடிகிற இடத்துக்கு மறு இலக்கத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. வகைகளில் சாபம் என்று ஒன்று, விளைவுகளில் சாப நிவர்த்தி என்று ஒன்று: இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வியாதிக்குச் சமானமாக நாலாவது உபாதை ஒன்றை அமைக்கும் உத்தேசம் ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கத் தோன்றுகிறது.

ஊகம் என்றுதான் சொல்கிறேன். ஏனெனில் வியாதிகளுக்குச் செய்த ஒழுங்கு இதற்குச் செய்யப்படவில்லை. சாபத்தைத் தடுக்கும் விளைவும் இல்லை, சாபத்துக்கு எளிதில் இரையாக்கும் விளைவும் இல்லை. உரையாடல் நிபந்தனைகளிலும் சபிக்கப்பட்டவனுக்கென்று ஓர் இடம் கிடையாது. ஆகவே திட்டம் காகிதத்திலிருந்து கருவிக்குள் ஒரு காலை எடுத்து வைத்ததும் கைவிடப்பட்டது என்றே கொள்ள வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து 2006-இல் வெளிவந்த ஒப்லிவியனின் கருவியைத் திறந்தால், வகைகளின் பட்டியலில் சாபமும் இல்லை, பிளைட்டும் இல்லை. அவற்றின் இடத்தில் விஷமும் சிறு சக்தியும் வந்து அமர்ந்திருக்கின்றன.

இதைவிட வேடிக்கையானது ‘எக்ஸ்ட்ரா ஸ்பெல்’. வரவழைக்கப்படும் வில்லுக்கும் வரவழைக்கப்படும் மார்க்கவசத்துக்கும் நடுவில் இது செருகப்பட்டிருக்கிறது; பெயரைக் கொண்டு இது என்ன செய்யும் என்று யாராலும் கண்டுபிடிக்க இயலாது. பழைய விளையாட்டைப் புதிய இயந்திரத்தில் ஓட்டுவதற்காகத் தன்னார்வலர்கள் எழுதிவரும் ஓபன்எம்டபிள்யூவில் இதற்கும் உயிர் கொடுத்திருக்கிறார்கள்: இது எவன்மேல் படுகிறதோ அவன் அணிந்திருக்கும் கவசம், ஆடை, ஏந்திய ஆயுதம் யாவும் ஒரே கணத்தில் கழன்று பைக்குள் போய்விடுகின்றன. ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் நடுவே அது ஏன் வைக்கப்பட்டது என்பது அப்போதுதான் ஒருவாறு விளங்குகிறது. சபை நடுவே ஒருவன் துகிலிழப்பதை விளையாட்டு முழுவதும் காட்டாமல் மறைத்தது நிறுவனத்தாரின் விவேகமாகவே இருக்கட்டும்.

கடையில் விற்கப்பட்டும் பயன்படாத மந்திரங்களும் சில உண்டு. கதவைப் பூட்டும் ஃபென்ரிக்கின் மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைந்து கதவை மந்திரத்தால் பூட்டிக்கொண்டால் துரத்துகிறவன் வெளியே நிற்பான் என்று எண்ணுவது நியாயம். ஆனால் இத்தீவின் மக்கள் வீட்டு வாசலைக் கடந்து துரத்தி வருகிறவர்கள் அல்லராகையால், பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் பலன் ஒன்றே. பூட்டுடைக்கப் பழகுகிறவன் தானே பூட்டித் தானே உடைத்துத் தேர்ச்சி பெறுவதற்கு மட்டும் அது உதவும். ஸ்தம்பனத்தைத் தீர்க்கும் மந்திரத்தின் கதி இன்னும் பரிதாபம். ஸ்தம்பித்து நிற்பவனால் மந்திரம் உச்சரிக்க முடியாது, உச்சரிக்க முடிந்தவனுக்கு அது வேண்டியதில்லை.

2003-இல் வந்த பிளட்மூன் பிற்சேர்க்கை தனக்கென்று பிராணிகளை வரவழைக்கும் ஐந்து இடங்களை ஒதுக்கிக்கொண்டு, ஓநாய், கரடி, எலும்பு ஓநாய் ஆகிய மூன்றால் மூன்று இடங்களை நிரப்பி, மற்ற இரண்டையும் வெறுமையாக விட்டிருக்கிறது. கன்ஸ்ட்ரக்ஷன் செட்டின் பெரிய குறை இந்த இடத்தில்தான் உறைக்கிறது. இதைக் கொண்டு எத்தனை மந்திரம் வேண்டுமானாலும் புனையலாம், ஆனால் விளைவு என்று புதிதாக ஒன்றைச் சேர்க்க இயலாது, ஏனெனில் விளைவுகளின் எண்ணிக்கை இயந்திரத்தோடு முடிச்சுப் போடப்பட்டது. எனவே மிச்சமாகக் கிடக்கும் இந்த இரண்டு இடங்களும் கைவேலைக்காரனுக்குப் பெருஞ்செல்வம். அமைப்பு மதிப்புகளின் பட்டியலில் அந்த இடத்துக்குரிய பிராணியின் அடையாளப் பெயரை எழுதிவிட்டால் போதும். நான் சுமை சுமக்கும் க்வார் ஒன்றின் பெயரை எழுதிச் சேமித்தேன்.

சேமிப்பது பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். செய்த மாற்றங்கள் மூலக் கோப்பில் ஏறுவதில்லை. தனியே ஒரு சிறு கோப்பாக அமைகின்றன, வேண்டாதபோது அதை விலக்கிவிடலாம். தைரியமாகக் கை வைத்துப் பார்க்க இந்த ஏற்பாடு மிகவும் அனுகூலம். ஒரே சமயத்தில் ஒரு கோப்பைத்தான் திருத்த முடியும் என்பது அசௌகரியமே. விண்டோஸ் அல்லாத கணினி வைத்திருப்பவர்கள் ஓபன்எம்டபிள்யூவாரின் சொந்தத் திருத்தியை நாட வேண்டும், அது லினக்ஸிலும் மாக்கிலும் ஓடுகிறது. எச்சரிக்கைப் பெட்டிகளின் தொல்லையைச் சகித்துக்கொள்ளும் பொறுமை உள்ளவர்களுக்கு நான் பழைய கருவியையே சிபாரிசு செய்வேன். ஆனால் புதிதாக விளையாடத் தொடங்குகிறவர்கள் கதையை ஒருமுறை முடித்த பிறகே இதைத் திறப்பது நல்லது, ஏனெனில் டிவேத் ஃபிரின் மருந்து என்ன செய்யும் என்பது முதற்கொண்டு அனைத்தும் இந்தப் பட்டியல்களில் மறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது.